பஞ்சம் எழுப்பிய சூரியக்கூடம்

1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். அதே மாதம் கொடைக்கானலில், ஏரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு குன்றில், சூரியனை ஆராய்வதற்கென்றே ஒரு கூடம் கட்ட அடிக்கல் நாட்டினார். முதல் காரியம் தேனி, மதுரைப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள்; அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டாவது காரியத்தை நினைப்பவர் குறைவு. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் வண்டி பிடித்துப் போகிற சுற்றுலாக்காரர்கள் அந்தக் குன்றின் பக்கமாகத்தான் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு 'அப்சர்வேட்டரி' என்பது ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயராகவே ஆகிவிட்டது.

இந்த இரண்டு கட்டுமானங்களையும் நடத்திவைத்தது ஒரே பஞ்சம். தாது வருஷப் பஞ்சம். பஞ்சம் வந்ததால் அணை கட்டினார்கள் என்றால் யாருக்கும் புரியும். பஞ்சத்துக்குத் தொலைநோக்கி எதற்கு? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்த கதை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1876ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை தமிழகத்தில் பொய்த்தது. மறு வருஷம் தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. தாது போய் ஈசுவர வந்தும் வானம் இரங்கவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் என்று தக்காணம் முழுக்கக் காய்ந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உயிர் பிழைக்கக் கூட்டங்கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தவர்களில் மதுரை, ராமநாதபுரத்துச் சனம் ஏராளம். நிவாரண வேலைக்கு வந்து மண் வெட்டிய ஆளுக்கு ஒரு நாள் படியை ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்தார் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள். நம் கணக்கில் அரைக்கிலோவுக்கும் குறைவு. அந்தப் படியில் வேலை செய்கிறவன் உயிரோடிருக்க முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் எழுத்தில் சண்டை போட்டார். அவர் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பஞ்சம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது. அறுபது வருஷங்களுக்கும் தனித்தனிப் பலன் உண்டு. இந்த வருஷத்துக்கு மழை இத்தனை, விளைச்சல் இத்தனை என்று சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் படிக்கும்போது இடைக்காடர் வெண்பாவைச் சொல்வார்கள். காலம் சுழல்கிறது, சுழலும்போது நல்லதும் கெட்டதும் முறை வைத்து வருகின்றன என்பது அதன் அடிப்படை. வியப்பு என்னவென்றால், லண்டன் விஞ்ஞானிகள் அப்போது கொண்டுவந்த பதிலும் ஒரு சுழற்சியாகவே இருந்தது. அவர்களுடையது பதினொரு வருஷச் சுழற்சி.

சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. அவை கூடிக் குறைவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று ஜெர்மனியில் ஷ்வாப என்ற மருந்துக்கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்து 1843ல் அறிவித்தார். ஏறத்தாழப் பதினொரு ஆண்டுக்கு ஒரு முறை புள்ளிகள் பெருகும். இடையில் சூரியன் கிட்டத்தட்ட மாசில்லாமல் இருக்கும். அதற்கு முன்பே, 1801ல், வில்லியம் ஹெர்ஷல் சூரியப் புள்ளிகளையும் இங்கிலாந்தின் கோதுமை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார். ஆகவே, தாது வருஷத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்கள் லண்டன் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இந்த யோசனை கிளம்புவதற்கான நிலம் பண்பட்டே இருந்தது.

கிளப்பியவர் வில்லியம் ஹண்டர், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர். அவர் எடுத்துக்கொண்டது நம் நுங்கம்பாக்கத்து மழைக் கணக்கு. சென்னை வானாய்வகத்தில் 1813 முதல் விடாமல் மழை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைச் சூரியப் புள்ளிக் கணக்கோடு ஒட்டிப் பார்த்தார். புள்ளி குறைந்த ஆண்டுகளில் சென்னையின் சராசரி மழையும் குறைந்திருந்தது. பஞ்ச வரலாற்றையும் பக்கத்தில் வைத்தால் பொருத்தம் இன்னும் கூடியது. 1832-33ல் குண்டூர்ப் பஞ்சம். புள்ளி மிகக் குறைந்த ஆண்டு 1833. 1866ல் ஒரிசாவையும் கஞ்சத்தையும் பஞ்சம் தின்றது. புள்ளி மிகக் குறைந்த ஆண்டு 1867. இப்போது தாது வருஷம். புள்ளிகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன, 1878ல் அடித்தட்டுக்குப் போயின. ஹண்டரும், சூரிய ஒளியில் ஹீலியத்தை அடையாளம் கண்ட நார்மன் லாக்கியரும் சேர்ந்து 1877 நவம்பரில் 'தி நைன்டீன்த் சென்சுரி' பத்திரிகையில் சூரியப் புள்ளியும் பஞ்சமும் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அடுத்த பஞ்சம் எப்போது என்பதைச் சூரியனைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது.

அந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் ஒரு நிமிடம் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. ஆனால் பட்டியலில் வராத பஞ்சங்களையும் பார்க்க வேண்டும். வங்காளத்தைச் சூறையாடிய 1770ஆம் ஆண்டுப் பஞ்சம் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தபோது வந்தது. 1837-38ல் வட இந்தியாவில் ஆக்ரா வட்டாரத்தைத் தாக்கிய பஞ்சமும் உச்ச காலத்தில்தான் வந்தது. சென்னை மழைக்குப் பொருந்திய கணக்கு கங்கைச் சமவெளிக்குப் பொருந்தவில்லை. அன்றைக்கே இதைச் சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. மழை பொய்ப்பது வேறு, மனிதன் பட்டினியால் சாவது வேறு. தாது வருஷத்திலும் ரயில் ஓடியது, தானிய வியாபாரம் நடந்தது, இந்தியத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போய்க்கொண்டிருந்தது. விலையில் தலையிடக் கூடாது என்பது லிட்டன் அரசின் கொள்கை. பஞ்சத்தின் காரணம் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்றால் கல்கத்தாவில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஹண்டரும் லாக்கியரும் அந்த எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உண்மையாகவே உயிர்களைக் காக்க வழி தேடினார்கள். ஆனால் அந்தப் பதில் அரசாங்கத்துக்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை யோசித்தால் மனம் கனக்கிறது.

எப்படியோ, சூரியனைத் தினமும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கக் கோப்புகளுக்குள் நுழைந்துவிட்டது. 1880ல் பஞ்சக் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1881ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, பூமிக்கு வந்து சேரும் சூரிய வெப்பத்தையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் ஒழுங்காக அளக்க ஏற்பாடு வேண்டும் என்று சிபாரிசு செய்தார். 1882 மே மாதம் சென்னையிலிருந்து நார்மன் பாக்சன் எழுதினார்: தென்னிந்திய மலை ஒன்றில் இருபது அங்குலத் தொலைநோக்கி வைக்க வேண்டும், சூரியனையும் விண்மீன்களையும் படம் எடுக்க வேண்டும்.

இந்த பாக்சனைப் பற்றி நின்று பேச வேண்டும். நுங்கம்பாக்கத்தில் முப்பது வருஷம் அரசு வானியலாளராக இருந்தவர். ஒரு விண்மீன் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்று உலகம் முழுக்க இன்றும் கணக்கிடுகிற அளவுகோல் அவர் வகுத்தது. 1861ல் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பாக்சனின் மகள் ஐசிஸும் அதே கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். இத்தனை இருந்தும் நுங்கம்பாக்கத்தில் வானம் ஒத்துழைக்கவில்லை. கடலோர ஈரம், தூசி, பகல் சூட்டில் அலையடிக்கும் காற்று. சூரியனைப் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் தரையிலிருந்து சூடு கிளம்பிப் பிம்பத்தை ஆட்டிவிடும். மலை வேண்டும் என்று அவர் கேட்டது அதனால். கேட்டபடி தொலைநோக்கியும் வரவில்லை, மலையும் கிடைக்கவில்லை. 1891 ஜூனில் அவர் காலமானார்.

மலையைத் தேடி அலைந்தவர் வேறொருவர். சார்லஸ் மிச்சி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1883 முதல் 1885 வரை நீலகிரியிலும் பழனி மலையிலும் வெவ்வேறு இடங்களில் தங்கி வானத்தைச் சோதித்தார். பகலில் பிம்பம் எவ்வளவு நிதானமாக நிற்கிறது, இரவில் காற்று எவ்வளவு தெளிவு என்று இரண்டையும் குறித்தார். ஊட்டிக்குத்தான் அன்று செல்வாக்கு அதிகம். கவர்னரின் கோடைத் தலைநகரமே அதுதான். ஆனால் தென்மேற்குப் பருவம் நீலகிரியை மாதக்கணக்கில் மேகத்தில் மூழ்கடித்துவிடும். கொடைக்கானலுக்கு மேற்கே ஆனைமலைத் தொடர் நின்று அந்த மழையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. தை, மாசியில் பழனி மலையின் காலை வேளை துடைத்துவைத்தது போலிருக்கும். மிச்சி ஸ்மித்தின் தீர்ப்பு கொடைக்கானல் பக்கம் சாய்ந்தது.

அறிக்கை கொடுத்த பிறகும் வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் மறுபடி பஞ்சம் தலைகாட்டியது. பழைய கோப்புக்கு மறுபடி உயிர் வந்தது. 1893 ஜூலை 20 அன்று லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய இந்திய வானாய்வகக் குழு, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்கலாம் என்று முடிவு செய்தது. பாக்சனுக்குப் பின் அரசு வானியலாளராகியிருந்த மிச்சி ஸ்மித்திடமே பொறுப்பு வந்தது.

அன்றைய கொடைக்கானலை மனதில் கொண்டுவர வேண்டும். அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845ல் வீடு கட்டி ஆரம்பித்த ஊர். ஏரி, மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் 1863ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. வண்டி ஏறும் ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடைரோட்டில், ரயிலைவிட்டு இறங்கினால் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரை வரலாம். அதற்கு மேல் குதிரைத் தடம். வசதியுள்ளவர்கள் டோலியில் போவார்கள், மற்றவர்கள் நடப்பார்கள். சாமான் எல்லாம் ஆள் தலையிலும் தோளிலும் ஏறின. மோட்டார் ஓடுகிற மலைப்பாதை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. ஆகவே ஆய்வகத்தின் இரும்பும் பித்தளையும் கண்ணாடியும், சென்னையிலிருந்து வந்த தொலைநோக்கிகளின் குழாய்களும், குவிமாடத்துக்கான தகடுகளும் சுமைகூலிகளின் உடம்பால்தான் 2,343 மீட்டர் உயரத்துக்குப் போயின. கவர்னர் பெயரும் கண்காணிப்பாளர் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு லென்ஸ் உடையாமல் அந்தச் சரிவில் ஏறியவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. தாது வருஷத்தில் பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அந்தத் தலைமுறைக் கூலியாட்கள் என்று நினைக்கும்போது, இந்த ஆய்வகத்தின் கதையை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1899 ஏப்ரல் 1 அன்று ஆய்வகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. வானிலைத் துறைத் தலைவர் ஜான் எலியட்டே இதற்கும் மேலதிகாரி. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குப் பெரிய ஆசை. அந்த வருஷம் நல்ல மழை என்று அறிவித்தார். பருவமழையோ அடியோடு பொய்த்தது. மேற்கு இந்தியாவும் மத்திய இந்தியாவும் இன்னொரு பெரும் பஞ்சத்தில் விழுந்தன. மழையைப் படிக்கவென்று பிறந்த கூடம், பிறந்த ஆண்டிலேயே அந்த அடியைப் பார்த்தது.

ஆனால் குன்றின் மேல் வேலை தொடங்கிவிட்டது. 1850ல் பாரிஸ் நகரத்து லெரபூர் - செக்ரட்டான் கம்பெனியிடம் சென்னை வானாய்வகம் வாங்கியிருந்த ஆறங்குலத் தொலைநோக்கி, டப்ளினின் கிரப் கம்பெனியில் திருத்தம் பெற்று இங்கே வந்து நின்றது. கேம்பிரிட்ஜ் கம்பெனி செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் 1904ல் வந்தது. சூரிய ஒளியிலிருந்து ஒரே ஒரு நிறத்தை, உதாரணமாகக் கால்சியம் அணு உண்டாக்கும் ஊதாக் கோட்டை மட்டும், பிரித்தெடுத்து அந்த ஒளியில் சூரியனைப் படம் பிடிக்கிற கருவி அது. அதை முழுத்திறனுக்குக் கொண்டுவர ஒரு கைகாரர் தேவைப்பட்டார்.

வந்தவர் ஜான் எவர்ஷெட். லண்டனில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகக் கருவி செய்து சூரியனைப் பார்த்தவர். பட்டம் பெற்ற வானியலாளர் இல்லை. 1898ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க இந்தியா வந்து போனவர். 1907 ஜனவரியில் மனைவி மேரியோடு கொடைக்கானலில் குடியேறினார். வரும் வழியில் அமெரிக்காவில் இறங்கி, மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஹேலைச் சந்தித்து, அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். மேரி அம்மையார் தனியாகவே பேசப்பட வேண்டியவர். தெற்கு வானத்து விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். இத்தாலியக் கவி தாந்தேயின் வானியலைப் பற்றிய அவருடைய நூல் 1914ல், கொடைக்கானலில் அவர் வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தது. சூரிய விளிம்பில் எழும் தீச்சுவாலைகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து பெரிய ஆய்வறிக்கையும் எழுதினார்.

1908ல் மவுண்ட் வில்சனில் ஹேல் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டார். சூரியப் புள்ளிகளுக்குள் வலுவான காந்தப்புலம் இருக்கிறது. புள்ளி என்பது சூரிய வாயு சுழன்றடிக்கும் சூறாவளியாக இருக்கலாம் என்ற கருத்தும் அப்போது வலுப்பட்டது. சூறாவளி என்றால் புள்ளியைச் சுற்றி வாயு வட்டமிட வேண்டும். அந்த வட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று எவர்ஷெட் தேடினார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தொலைநோக்கி சூரியனின் பிம்பத்தை ஒரு மெல்லிய கீற்றுத் துளையின் மேல் விழவைக்கிறது. துளை சரியாக ஒரு கரும்புள்ளியை ஊடறுக்கும்படி பிம்பத்தை நிறுத்த வேண்டும். புள்ளியின் நடுவில் கன்னங்கரேலென்ற பகுதி. அதைச் சுற்றிப் பூவின் இதழ்போல நார்நாராக விரியும் மங்கலான வளையம். துளை வழியே போன ஒளி நிறமாலையாக விரிந்து கண்ணாடித் தகட்டில் பதிகிறது. தகட்டைக் கழுவிப் பார்த்தால், சூரிய வாயுவில் இருக்கும் இரும்பு முதலான தனிமங்கள் விட்டுச்சென்ற மயிரிழைக் கருங்கோடுகள் செங்குத்தாக நிற்கும். நம்மை விட்டு விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும், நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு ஊதாப் பக்கம் நகரும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கூர்ந்து, கடந்து போனதும் இறங்குகிறதே, அதே விதிதான்.

1909 ஜனவரி 5. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து வானம் தெளிந்திருந்த பருவம். அன்றைய தகட்டில் கோடுகள் நேராக இல்லை. புள்ளியின் வெளி வளையத்தைக் கடக்கும் இடத்தில், சூரிய விளிம்புப் பக்கம் இருந்த பாதி சிவப்புக்கு நகர்ந்திருந்தது, நடுவட்டப் பக்கம் இருந்த பாதி ஊதாவுக்கு நகர்ந்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வேறு புள்ளிகள், வேறு இடங்கள், துளையைத் திருப்பி வைத்து வேறு கோணங்கள் என்று பார்த்தார். சூரியனின் நட்டநடுவில் புள்ளி இருக்கும்போது விலகல் மறைந்தது. விளிம்பை நோக்கிப் போகப்போகத் தெளிந்தது. வாயு வட்டமிட்டால் இப்படி வராது. மேலெழுந்தோ கீழிறங்கியோ ஓடினாலும் வராது. ஒரே விளக்கம்தான் எஞ்சியது: புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, எல்லாத் திசையிலும், சூரிய மேற்பரப்பை ஒட்டியே வாயு பாய்ந்துகொண்டிருக்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். கொடைரோட்டிலிருந்து மதுரைக்கு அந்த வேகத்தில் அரை நிமிடம்கூட ஆகாது.

தேடிப் போன சூறாவளி அங்கே இல்லை. தேடாதது கிடைத்தது. இருப்பதை இருக்கிறபடி எழுத எவர்ஷெட்டுக்கு மனம் இருந்தது. அதுவே அவருடைய பெருமை. கொடைக்கானல் ஆய்வகத்தின் 15ஆம் அறிக்கையாக அது வெளிவந்தது. சில ஆண்டுகளில் மவுண்ட் வில்சனில் செயின்ட் ஜான் என்ற வானியலாளர் சோதித்துப் பார்த்து உறுதி செய்தார். உலகப் பாடநூல்களில் அதன் பெயர் 'எவர்ஷெட் விளைவு'. வளையத்தில் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்ந்திருக்கும் காந்தப்புல நார்களின் வழியே சூடான வாயு ஓடுவதால் இது உண்டாகிறது என்று இன்று விளக்குகிறார்கள். நுணுக்கங்கள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. நூற்றாண்டை ஒட்டி 2008ல் இந்தியத் தபால் துறை தபால்தலை வெளியிட்டது.

மழைக் கேள்வி என்ன ஆனது? அதற்கான பதிலும் இதே துறைக்குள்ளிருந்துதான் வந்தது. 1904ல் எலியட்டின் இடத்துக்கு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கர் வந்தார். கொடைக்கானல் ஆய்வகமும் அவர் நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது. தமிழர்களுக்கு இவரிடம் ஒரு தனிக் கடன் உண்டு: 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளார்க்கின் கணித நோட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் இந்த வாக்கர்தான். அந்த கிளார்க் ராமானுஜன்.

வாக்கர் சூரியப் புள்ளிக் கணக்கையும் உலகின் பல ஊர்களின் மழை, வெப்ப, காற்றழுத்தக் கணக்குகளையும் அடுக்கி ஒட்டுறவு பார்த்தார். புள்ளிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பு நம்பத்தக்க அளவில் இல்லை. ஹண்டரின் கனவு அங்கே முடிந்தது. ஆனால் அதே கணக்குக் குவியலில் வேறொன்று தலைகாட்டியது. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. 'தென் அலைவு' என்று அதற்குப் பெயர் கொடுத்தார். பசிபிக்கின் நீர் சூடேறும் எல் நினோவும் இந்த அலைவும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள் என்பதை 1969ல் வானிலை விஞ்ஞானி பியர்க்னெஸ் விளக்கினார். 1877-78ல் பசிபிக்கில் வந்தது பதிவுகளில் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று. 1877ல் தென்மேற்குப் பருவம் கைவிட்டதற்கு அது முக்கியக் காரணம். சூரியனின் ஒளி அதன் சுழற்சியில் கூடிக் குறைவது வெறும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று 1978க்குப் பிறகு செயற்கைக்கோள்கள் அளந்து சொல்லிவிட்டன. அந்த ஒரு பங்கால் பருவமழையைக் கவிழ்க்க முடியாது.

தவறான காரணத்துக்காகக் கட்டிய கூடம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி. மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி சரியான கேள்வி. சூரியனைக் காரணமாக நினைத்தது அப்போது கையிலிருந்த கணக்குக்கு நியாயமான ஊகம். அந்த ஊகத்தைச் சோதிக்கத் தேவையான அளவுகளை வானம் திறந்த நாளெல்லாம் எடுத்தார்கள்; ஊகம் விழுந்தபோது ஒப்புக்கொண்டார்கள். நான் வருந்துவது ஒன்றுக்குத்தான்: அதே அக்கறையில் கால்வாசி தானியக் கிடங்குக் கணக்குக்கும் கிடைத்திருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும்.

எவர்ஷெட் 1923ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். மிச்சி ஸ்மித் திரும்பவில்லை. ஓய்வுக்குப் பிறகும் கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922ல் அங்கேயே மறைந்தார். 1937ல் ஏ. எல். நாராயண் பொறுப்பேற்று முதல் இந்திய இயக்குநரானார். அடுத்து ஏ. கே. தாஸ் காலத்தில் சுரங்கத் தொலைநோக்கிக்கு வேலை நடந்தது: கோபுரத்து உச்சியில் கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்கி, அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் செலுத்தும், உள்ளே முப்பத்துநான்கு சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் வந்து நிற்கும். 1960ல் வைணு பாப்பு இயக்குநராக வந்தார். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர் அவர்தான். 1971 ஏப்ரல் 1 அன்று இந்திய வானியற்பியல் நிறுவனம் தனி அமைப்பாகப் பிறந்தபோது கொடைக்கானல் அதன் ஓர் அங்கமானது.

இந்தக் காலம் முழுக்க ஒரு வேலை மட்டும் நிற்கவே இல்லை. வானம் திறந்த ஒவ்வொரு காலையிலும் சூரியனைப் படம் எடுப்பது. வெண்ணொளிப் படம் 1904 முதல் ஒழுங்காக இருக்கிறது. கால்சியம் ஒளியில் 1907 முதல், ஹைட்ரஜன் ஒளியில் 1912 முதல். படத்தோடு கையால் வரைந்த சூரிய வரைபடங்களும் உண்டு. கட்டமிட்ட வட்டத்தில் புள்ளிகளும் விளிம்புச் சுவாலைகளும் நிறநிறப் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். நிறத்தைப் பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம். ஆரம்ப காலத்தில் இந்த அன்றாட வேலையைத் தாங்கிய உதவியாளர்களில் சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் போன்றவர்கள் இருந்தார்கள். பனியிலும் குளிரிலும் எழுந்து, மேகம் விலகக் காத்திருந்து, கிடைத்த அரைமணி நேரத்தில் தகட்டை மாற்றியவர்கள். பழனி மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கிறது. சூரியன் பதினொரு ஆண்டுக்கு ஒரு முறை புள்ளி பூக்கிறது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பல தலைமுறை பார்த்த ஊர் உலகில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தத் தகடுகளுக்கு இப்போது புதிய கிராக்கி. விண்கலங்கள் சூரியனைப் பார்க்கத் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதாவது நாலைந்து சுழற்சிகள். அதற்கு முந்தைய சூரியனின் குணம் தெரிய வேண்டுமானால் பழைய தகடுகளிடம்தான் போக வேண்டும். கொடைக்கானல் தகடுகளைக் கணினிக்கு மாற்றிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். காந்தப்புலத்தை அன்றாடம் அளக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு சூரியனின் காந்தம் எப்படி இருந்தது என்று கால்சியம் படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். சூரியப் புயல் ஒன்று செயற்கைக்கோள்களையும் மின் கட்டமைப்பையும் எந்த அளவுக்குத் தாக்கக்கூடும் என்ற கேள்விக்கு நீண்ட கால வரலாறு வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் வெளிவட்டத்தைப் படம் எடுக்கும் முக்கியக் கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். அதன் படங்களை முந்தைய நூறாண்டோடு ஒப்பிட நினைக்கிற ஆய்வாளர், எவர்ஷெட்டும் சீதாராம ஐயரும் கழுவிக் காயவைத்த கண்ணாடிகளைத்தான் திரையில் திறக்கிறார்.